டைனமோ எரியாவிட்டால் அபராதம்

திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் மாலைச் சங்கு ஊதியதும் ஆர்மரி கேட் பக்கம் சைக்கிள்கள் சாரை சாரையாக வெளியே வரும். 1928-ல் வந்த பணிமனை. எழுபதுகள் வரைகூட அந்த நேரத்தில் எதிரே வரும் லாரிக்காரர்தான் ஓரங்கட்டி நிற்பார். ஊருக்குள் தெருவுக்குத் தெரு வாடகை சைக்கிள் கடை. கால் எட்டாத பையன்கள் மணிக்கணக்கில் எடுத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகினார்கள். டபுள்ஸ் போனாலும், இரவில் டைனமோ விளக்கு எரியாவிட்டாலும் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்துவார். இப்போது யோசித்தால் அதுகூட ஒரு மரியாதைதான். சைக்கிளையும் வண்டி என்று மதித்தார்கள்!

ஸ்ரீரங்கத்தில் சைக்கிளுக்கு இன்னும் வசதி. மேடு பள்ளம் இல்லாத தீவு. சித்திரை வீதி, உத்திர வீதி என்று மதிலுக்குள் மதிலாகத் தெருக்கள். திருப்பத்துக்குத் திருப்பம் எந்த வண்டியும் வேகம் குறைத்தே ஆக வேண்டும். 1976-ல் காவிரிப் பாலம் வந்தபின் சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் போகிற மாணவர்களும் கடைச் சிப்பந்திகளும் அதன்மேல்தான் மிதித்தார்கள்.

அந்தப் பாலத்தில் இன்று சைக்கிளில் போய்ப் பாருங்கள். பின்னால் பஸ்ஸின் ஹாரன், இடப்பக்கம் ஷேர் ஆட்டோ, மாலையானால் காற்று வாங்க வந்தவர்களின் பைக்குகள் வரிசையாக ஓரத்தில். தவணையில் மொபெட் கிடைக்க ஆரம்பித்ததும் மக்கள் சைக்கிளை விட்டார்கள் என்பது பாதிக் கதை. மிதிக்க விரும்பியவர்களையும் வேகம் துரத்திவிட்டது என்பது மீதி. அரசு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி தருகிறது. 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு எல்லோருக்கும் விரிந்த திட்டம். வண்டி வந்துவிட்டது, அது ஓட இடம்தான் இல்லை. பிள்ளையைப் பாலத்தின் வழியே தனியாக அனுப்ப எந்த அம்மாவுக்கு மனம் வரும்?

2022 செப்டம்பரில் பழுதுபார்க்க மூடிய பாலம் 2023 மார்ச்சில் திறந்தது. அடுத்து, பக்கத்திலேயே நான்கு வழியில் புதுப் பாலம் ஒன்றுக்கும் வேலை தொடங்கினார்கள். வாய்ப்பு என்றால் இதுதான். இரண்டில் ஒன்றின் ஓரத்தைக் கல் வரம்பு கட்டி, வெறும் வெள்ளைக்கோடு போடாமல், சைக்கிளுக்கென்று பிரித்துவிடலாம். கோட்டை நம்மூர் ஓட்டுநர்கள் கோலம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அடுத்தது வேகம். நடப்போரும் சைக்கிளும் மோட்டார் வண்டிகளும் கலந்து போகும் தெருவில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்கிறது 2020-ன் ஸ்டாக்ஹோம் பிரகடனம். ஸ்பெயினில் பொன்தெவேத்ரா என்ற சிறு நகரம் 1999 முதலே நடுஊரை நடப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டது. அத்தனை தூரம் போவானேன்? சென்னை மாநகராட்சியே 2014-ல் நடப்போருக்கும் சைக்கிளுக்கும் தனிக் கொள்கை வகுத்தது. அறிவித்ததற்கும் நடந்ததற்கும் இடைவெளி உண்டு, அது வேறு கதை.

வைகுண்ட ஏகாதசிக்குக் கோயிலைச் சுற்றிக் கார்களைத் தடுத்து நிறுத்தும் பழக்கம் ஸ்ரீரங்கத்துக்குப் புதிதல்ல. பள்ளி தொடங்கும் நேரத்துக்கும் விடும் நேரத்துக்கும் மட்டும் அதை உத்திர வீதிகளில் செய்துபார்க்கலாம். கடைக்காரர்கள் முணுமுணுப்பார்கள். சரக்கு வண்டிகளுக்கு விடியற்காலையை ஒதுக்கிக் கொடுத்தால் பாதி முணுமுணுப்பு அடங்கும்.