மலைப் பாதையும் காரின் ஸ்பிரிங்கும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பிரயாணம் செய்கிறவர், கல்லாறு என்னும் சிற்றூரில் உருண்டைப் பாறைகளுக்கிடையே தெளிந்தோடும் ஆற்றைப் பார்த்துச் சற்று இளைப்பாறிய பிறகு, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1100 மீட்டர் உயரத்திலுள்ள பொன்முடிக்கு 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டியிருக்கிறது. வேகக் கார் வைத்திருக்கும் வாலிபர்களுக்கு இத்தகைய பாதைகளின்மேல் தனி மோகம் உண்டு. அந்த மோகத்தின் முதற்செலவோ பெரும்பாலும் காரைத் தாழ்த்தும் குட்டை ஸ்பிரிங்குகளாகவே இருக்கிறது. கடைசிச் செலவாக இருக்க வேண்டியது அது என்பது என் அபிப்பிராயம்.

காரின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் பாரத்தைத் தாங்குவதில்லை; தள்ளிவிட்ட ஊஞ்சலைப் போல ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடிக்கொண்டேயிராமல் அடக்குவதுதான் அதன் காரியம். அதன் குழாய்க்குள் எண்ணெயும், எண்ணெயில் அமிழ்ந்த ஒரு பிஸ்டனும் உண்டு. பிஸ்டனின் துவாரங்களை மூடியிருக்கும் மெல்லிய எஃகுத் தகடுகளை வளைத்துக்கொண்டு எண்ணெய் பிதுங்கிச் செல்லும்போது, சக்கரத்தின் சலனம் உஷ்ணமாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. ஓய்வின்றி மேடுபள்ளத்தில் ஓடினால் அந்த எண்ணெய் சூடேறி, காற்றோடு கலந்து நுரைத்து, அடக்கும் சக்தியை இழப்பதுண்டு. பிரான்ஸ் தேசத்து டி கார்பன் என்பவரின் யுக்தி இதற்குப் பரிகாரமாயிற்று: ஒரே குழாய்க்குள் எண்ணெயையும் அழுத்தமேற்றிய நைட்ரஜன் வாயுவையும் ஒரு மிதக்கும் பிஸ்டனால் பிரித்து வைத்தார். ஜெர்மானிய பில்ஸ்டைன் கம்பெனி 1950-களில் அதைக் கார்களுக்குப் பிரபலமாக்கிற்று.

இனிக் காரைத் தாழ்த்துவதன் விபரீதத்துக்கு வருவோம். நம் ஊர்களில் வேகப் பிரியர்கள் விரும்பி மாற்றியமைக்கும் மாருதி ஸ்விஃப்ட் முதலிய கார்களின் முன்சக்கரங்களில் இருப்பது, அமெரிக்க இஞ்சினீயரான மெக்ஃபர்சனின் பெயரைத் தாங்கி, 1950-இல் இங்கிலாந்தில் ஃபோர்டு கம்பெனி வெளியிட்ட கான்சல் காரில் இடம்பெற்ற அமைப்பு. கீழே ஒரே ஒரு கை. மேலே ஷாக் அப்சார்பரே சக்கரத்துக்குத் தூணாக நிற்கும். காரைத் தாழ்த்தும்போது, ஏறக்குறையக் கிடையாக இருந்த அந்தக் கீழ்க்கை சக்கரத்தின் பக்கம் மேல்நோக்கிச் சாய்கிறது. அவ்வாறு சாயவே, கார் எந்தக் கற்பனை மையத்தைப் பற்றிக்கொண்டு வளைவில் சாய்கிறதோ அந்த மையம், காரின் பாரமையம் இறங்கியதைக் காட்டிலும் அதிகமாக இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் கூடுவதால் காரைச் சாய்க்கும் நெம்புவிசையும் கூடுகிறது. சாய்வைக் குறைக்கவென்று தாழ்த்தியவர் சாய்வுக்கே வழிசெய்து, பிறகு அதை ஈடுகட்ட இன்னும் கடினமான ஸ்பிரிங்கைத் தேடி அலைகிறார்! தவிரவும், சக்கரம் மேலேறுவதற்கு இடம் குறைந்துபோவதால், வளைவின் நடுவில் ஒரு குழி வந்தால் ஷாக் அப்சார்பர் தன் அடிரப்பரில் மோதி நிற்கிறது. அக்கணமே டயரின் பிடி தளர்ந்து கார் ஓரத்துக்கு வழுக்குகிறது. மழைக்காலத்துப் பொன்முடிப் பாதையில் ஓரம் என்பது பள்ளத்தாக்கு.

கடினமான ஸ்பிரிங் போட்டால் வளைவில் பாரம் வெளிச்சக்கரங்களுக்கு மாறுவது குறையும் என்பதும் ஒரு பிரமையே. மொத்தம் எவ்வளவு மாறும் என்பதைப் பாரமையத்தின் உயரமும், சக்கரங்களின் இடை அகலமும், திரும்பும் வேகமும் நிர்ணயிக்கின்றன. முன்பக்கத்துக்கு எவ்வளவு, பின்பக்கத்துக்கு எவ்வளவு என்ற பங்கீடு மட்டுமே ஸ்பிரிங்கின் கையில் இருக்கிறது. பந்தயக் கார்களில் கீர்த்தி பெற்ற லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன், சாலைக்கான தம் கார்களுக்கு மிருதுவான ஸ்பிரிங்கையும் அதைத் திறமையாக அடக்கும் ஷாக் அப்சார்பரையும் சேர்த்துக் கொடுத்தது காரணமில்லாமல் அல்ல.

ஆகவே பணத்தை முதலில் நல்ல டயரில் செலவிடுவது உசிதம். அடுத்தபடியாக, பழைய ஷாக் அப்சார்பரைக் குனிந்து பாருங்கள்: குழாயின் மேற்பாகத்தில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தால் அதன் ஆயுள் தீர்ந்தது என்று அறியலாம். நைந்துபோன ரப்பர் புஷ்களையும் அப்பொழுதே மாற்றிவிட வேண்டும். புது ஷாக் அப்சார்பர் வாங்கும்போது, கம்பெனி உயரத்து ஸ்பிரிங்குக்குப் பொருந்துவதாகவும், ஸ்பிரிங் விரியும் வேகத்தை அடக்குவதில் சற்றுக் கண்டிப்பானதாகவும் பார்த்து வாங்கினால் போதும். இடவலச் சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பியான ஆன்டி-ரோல் பாரைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம். முன்பக்கத்தில் அது மிதமிஞ்சிக் கடினமானால், கொண்டை ஊசி வளைவில் உட்புற முன்சக்கரம் பாரமிழந்து வீணே சுழலும்.

பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றலாகாது என்று 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்வதையும் நினைவில் வைக்க வேண்டும். முன்பக்க ஷாக் அப்சார்பரைக் கழற்றி மாட்டினால் சக்கரத்தின் கோணம் மாறிவிடும். அன்றே வீல் அலைன்மென்ட் பார்க்காமல் கல்லாற்றுக்கு மேலே ஏறாதீர்கள்.