புரை மூடிய கண்ணுக்குள்

கண் வைத்தியருக்கு ஒளியே பிரதான கருவி. ஆனால் புரை முற்றி வெளுத்துவிட்ட கண்ணிலும், உள்ளே இரத்தம் கசிந்து கலங்கிப்போன கண்ணிலும், எத்தனை பிரகாசமான விளக்கைப் பிடித்தாலும் விழித்திரை தென்படுவதில்லை. அத்தகைய சந்தர்ப்பங்களில், விநாடிக்குச் சுமார் 1 கோடி முறை அதிரும், செவிக்கு எட்டாத ஒலியை உள்ளே செலுத்தி, அதன் எதிரொலியைக் கொண்டு ஆராயும் முறையை 1956-இல் அமெரிக்காவில் மண்ட், ஹியூஸ் என்னும் இருவர் வெளியிட்டனர். அவர்களுக்குக் கிடைத்தவை ஏறி இறங்கும் கோடுகள் மாத்திரமே. 1958-இல் பாம், கிரீன்வுட் என்போர் அவற்றைக் குறுக்குவெட்டுச் சித்திரமாக்கினர்.

இமையை மூடச்செய்து, இடையே காற்று புகுந்து ஒலியைத் தடுக்காதபடி ஜெல் தடவி, அதன்மீது ஒலியைச் செலுத்தி எதிரொலியைப் பெறும் ‘புரோப்’ என்னும் கருவியை வைக்கிறார்கள். சுமார் 24 மில்லிமீட்டர் நீளமுள்ள கண்ணின் பின்சுவரைத் தொட்டு ஒலி மீள, விநாடியில் ஏறக்குறைய 30,000-இல் ஒரு பங்கு நேரமே செல்கிறது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில் 1990-களில் ஆராய்ச்சியாளர்கள் செய்த காரியம், அந்தப் புரோப்பை ஒரு மோட்டாரால் தன் அச்சிலேயே சுழலவிட்டு, குடைக்கம்பிகள் காம்பைச் சுற்றி விரிவதுபோல் அமையும் வெட்டுப்படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் சேர்த்து, முப்பரிமாண உருவமாக்கியதாகும். ஒவ்வொரு வெட்டும் அச்சின் இருபுறத்தையும் காட்டுவதால் அரைச்சுற்றே போதும். சில விநாடிகளில் வேலை முடிந்து நோயாளி வீட்டுக்குப் போய்விட்டாலும், அவருடைய கண்ணை வைத்தியர் வேண்டிய கோணத்திலெல்லாம் வெட்டிப் பார்க்கலாம். கண்ணுக்கு நேரெதிரே நின்று பார்ப்பது போன்ற, சாதாரண முறையில் கிட்டாத வெட்டும் அதில் அடக்கம். அச்சருகே நெருங்கியும் ஓரத்தில் விலகியும் வெட்டுகள் அமைவதால், ஓரங்களில் நுட்பம் சற்றுக் குறைவது இதன் இயல்பான குறை.

கட்டிகளின் விஷயத்தில்தான் இதன் விசேஷப் பயன். விழித்திரைக்குப் பின்னுள்ள இரத்தநாளப் படலத்தில் தோன்றும் மெலனோமா என்னும் புற்றுக்கட்டி, மேலுள்ள மெல்லிய சவ்வைக் கிழித்துக்கொண்டு, கழுத்து குறுகித் தலை பருத்த காளான் வடிவில் வளர்வதுண்டு. அதன் உயரத்தையும் அகலத்தையும் மட்டும் அளந்தால் பருமனைக் குறித்துத் தவறான எண்ணமே உண்டாகும். கனஅளவையே கணக்கிட முடிந்தால், கதிரியக்கச் சிகிச்சைக்குப் பின் கட்டி சுருங்குகிறதா என்பதை நம்பகமாகப் பின்தொடரலாம்.

ஆயினும், பழைய இருபரிமாண முறை காலாவதியாகிவிட்டதென்று சொல்ல நான் துணியமாட்டேன். பிரிந்து தொங்கும் விழித்திரையும், கண்ணுள் மிதக்கும் வெறும் சவ்வும் அசையாப் படத்தில் ஒன்றுபோலவே தோற்றக்கூடும். கண்ணை இடவலமாக அசைக்கச் சொன்னால், முன்னது பார்வை நரம்பில் பற்றியபடி விறைப்பாகவும், பின்னது தளர்ந்தும் அசைவதை வைத்தே பெரும்பாலும் வேறுபாடு அறிகிறார்கள். சுழற்சியின்போது கண் அசைந்தால் உருவமே சிதைந்துவிடும் முப்பரிமாண முறையில் அந்த அசைவுக்கு இடமில்லை. ஆகவே அசைவை முதலில் பார்த்துக்கொண்டு, பிறகு மோட்டாரை இயக்குவதே உசிதம்.