ஓட்டமும் நேரமும் – 7: யாருடைய எண், யாருடைய கால்?

பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கிள்ளான் பள்ளத்தாக்கின் ஓட்டக்காரர்களிடையே ஒரே மாதிரியான வாட்ஸ்அப் செய்திகள் சுற்ற ஆரம்பிக்கும். "ஹாஃப் பிப் ஒண்ணு இருக்கு, சட்டை எம் சைஸ், யாருக்காச்சும் வேணுமா?" முழங்கால் வலி, ஷிஃப்ட் மாற்றம், தங்கை கல்யாணம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பாதிப் பணத்துக்கோ சும்மாவோ அந்த பிப், அதாவது மார்பில் குத்தும் எண் அட்டை, கைமாறும். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் இதில் குற்ற உணர்வு ஏதும் இருப்பதாக நான் பார்த்ததில்லை. சினிமா டிக்கெட்டை அண்ணனுக்குக் கொடுப்பதில் என்ன தவறு என்றுதான் கேட்பார்கள்.

கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்வதற்கு அந்த எண்ணின் முதுகில் ஒட்டியிருக்கும் சிப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் நெடுஞ்சாலை டோல் சாவடிகளில் காரில் ஒட்டும் ஆர்எஃப்ஐடி ஸ்டிக்கர் இருக்கிறதல்லவா, ஓட்டக்காரரின் சிப்பும் அதே வகைதான். அதற்குள் பேட்டரி கிடையாது. தரையில் விரித்த பாயிலிருந்தோ பக்கத்தில் நிறுத்திய ஆண்டெனாவிலிருந்தோ வரும் ரேடியோ அலையே அதற்குச் சக்தி. அந்த ஒரு நொடியில் விழித்துத் தன் எண்ணை மட்டும் திருப்பிச் சொல்லும். கருவி அதனுடன் நேரத்தைச் சேர்த்து எழுதிக்கொள்ளும். மனித உடம்பில் நீர் அதிகம், நீர் இந்த அலைகளை விழுங்கிவிடும் என்பதால்தான் பல எண் அட்டைகளில் சிப்புக்கும் சட்டைக்கும் இடையே ஒரு மெல்லிய ஸ்பாஞ்ச் துண்டு வைக்கிறார்கள். அட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஓடிவிட்டு, நேரம் பதிவாகவில்லை என்று அப்புறம் வருந்துபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இத்தகைய சிப்புகளில் ஒன்றான, 1990களில் நெதர்லாந்தில் உருவான சாம்பியன்சிப், ஷூ கயிற்றில் கோக்கும் சிறிய பிளாஸ்டிக் வட்டு. 1996இல் பாஸ்டன் மாரத்தானின் 100ஆவது ஓட்டத்துக்கு 38,000க்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்திருந்தார்கள். அங்கே இந்தச் சிப் பெரிய அளவில் பயன்பட்டது. அதுவரை பின்வரிசைக்காரர் தொடக்கக் கோட்டை அடைவதற்குள் கழிந்த நிமிடங்களும் அவர் கணக்கிலேயே ஏறின. சிப் வந்த பிறகு, கோட்டை அவர் மிதித்த கணத்திலிருந்து அவருடைய நேரம் ஓடுகிறது. வெற்றியாளரைத் தீர்மானிக்க இன்றும் துப்பாக்கி நேரமே, அதாவது தொடக்கத் துப்பாக்கி வெடித்ததிலிருந்து எண்ணும் நேரமே, செல்லும். ஆனால் டத்தாரான் மெர்டேக்காவில் கூட்டத்தோடு நிற்கும் ஒரு சாதாரண ஓட்டக்காரருக்கு, தன் உழைப்பின் சரியான அளவு இந்தச் சிப்பால்தான் கிடைத்தது. இந்தக் கருவியை நான் மதிப்பது அதற்காக.

ஆனால் டோல் சாவடிக்கு ஸ்டிக்கர்தான் தெரியும், வண்டியை ஓட்டுவது யார் என்று தெரியாது. சிப்பின் நிலையும் அதுவே.

இதை உலகுக்குக் காட்டியது 1999ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டம். ஏறக்குறைய 90 கிலோமீட்டர். செர்ஜியோ மொட்சோனெங் ஒன்பதாவதாக வந்தார், பரிசுப் பணமும் உண்டு. பிறகு பத்திரிகைப் படங்களை அடுக்கிப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்தது. ஒரு படத்தில் கைக்கடிகாரம் ஒரு கையில், இன்னொரு படத்தில் மறு கையில். உருவ ஒற்றுமை கொண்ட தம்பி ஃபிக்காவும் அவரும் தடத்தோரக் கழிப்பறைகளுக்குள் புகுந்து உடையையும் ஷூவையும் மாற்றிக்கொண்டு, பகுதி பகுதியாக ஓடியிருந்தார்கள். சிப் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை அது ஒழுங்காகத்தான் பயணம் செய்தது. இரண்டு ஜோடிக் கால்கள் அதைச் சுமந்தன என்பதைச் சொல்ல அதற்கு வழியில்லை. வறுமையே அந்தச் சகோதரர்களை அங்கே தள்ளியது என்று நினைக்கிறேன், அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனாலும் 90 கிலோமீட்டரை ஒற்றை உடம்பால் கடந்து அவர்களுக்குப் பின்னால் வந்தவரும் ஏழையாக இருந்திருக்கலாம்.

ஏமாற்று அத்தோடு நிற்கவில்லை. 2018இல் சீனாவின் ஷென்சென் அரை மாரத்தானில் 258 பேர் பிடிபட்டார்கள். 237 பேர் குறுக்கு வழி, 18 பேர் போலி எண், 3 பேர் ஆள்மாறாட்டம். அவர்களில் பலரைக் காட்டிக்கொடுத்தது சாலைக் கேமராக்கள்.

வேகமான நண்பர் உங்கள் எண்ணில் ஓடினால் அது உங்கள் சொந்த விஷயம் அல்ல. பெண்ணின் பெயரில் ஆண் ஓடினால், ஐம்பது வயதுப் பிரிவில் முப்பது வயதுக்காரர் ஓடினால், மேடையில் நிற்க வேண்டிய ஓர் அக்கா கீழே நின்று கை தட்டுவார். பாஸ்டன் போகக் கனவு காண்பவர்களுக்கு இது இன்னும் கொடுமை. 2025 ஓட்டத்துக்கு, தகுதி நேரத்தைவிட 6 நிமிடம் 51 நொடி வேகமாக ஓடியவர்களுக்கே இடம் கிடைத்தது. அங்கே பொய்யான ஒரு நேரம் உண்மையான ஒருவரை வெளியே தள்ளிவிடும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது வேறு. 2017 டிசம்பர் 10 அதிகாலை, கிள்ளான் நகர அனைத்துலக மாரத்தானில் ஓடிக்கொண்டிருந்த மூவர்மீது கார் மோதியது. ஓடும் பாதை எந்த நொடியிலும் விபத்துக் களமாகலாம் என்று நம் ஊரே அன்று கண்டது. நினைவிழந்து கிடப்பவரிடம் ஐசி இருக்காது, கைப்பேசியும் பெரும்பாலும் இருக்காது. மார்பில் குத்திய எண் ஒன்றுதான் அடையாளம். பல பந்தயங்களில் அதன் பின்புறம் இரத்த வகையும் அவசரத் தொடர்பும் எழுத இடம் விட்டிருப்பார்கள். எண் இரவல் வாங்கியது என்றால் மருத்துவருக்குக் கிடைப்பது வேறொருவரின் ஒவ்வாமை, வேறொருவரின் வீட்டுத் தொலைபேசி. வீட்டில் நிம்மதியாகத் தூங்கும் ஒருவரின் தாயாருக்கு அழைப்பு போகும். அடிபட்டவரின் தாயாருக்கு எதுவும் தெரியாது. 2016 டிசம்பரில் சீனாவின் சியாமென் அரை மாரத்தானில் இறந்த இருவரில் ஒருவர் அடுத்தவர் எண்ணில்தான் ஓடினார். காப்புறுதியும் பதிவில் உள்ள பெயருக்குத்தான்.

அதனால் தடை போட்டால் போதுமா? போதாது என்பதே என் கருத்து. பதிவுக்கும் ஓட்டத்துக்கும் நடுவே பல மாதங்கள் கிடக்கின்றன. அதற்குள் காலும் மாறும், வாழ்க்கையும் மாறும். "மாற்ற முடியாது, பணமும் திரும்பாது" என்று கதவை அடைத்தால் மனிதர்கள் பின்வாசல் வழியாகப் போவார்கள். காம்ரேட்ஸ் அமைப்பாளர்களே பதிவை இன்னொருவருக்கு முறையாக மாற்றித்தர ஒரு கால அவகாசம் வைத்திருக்கிறார்கள். நம் ஏற்பாட்டாளர்களும் செய்யலாம். பந்தயத்துக்கு ஒரு மாதம் முன்வரை ஒரு சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு பெயர், ஐசி எண், வயது, பாலினம், அவசரத் தொடர்பு ஆகியவற்றை மாற்றிப் பதியட்டும். பெயர் மாற்றிய எண்ணுக்குப் பிரிவும் தானாக மாறிவிடும், பரிசில் குழப்பம் வராது. சிப்பின் எண்ணுக்கு நேரே கணினியில் ஒரு வரியைத் திருத்தும் வேலைதான் அது.

அந்த வசதி வரும்வரை, பிப் இருக்கிறது வா என்று கூப்பிடும் நண்பரிடம் மறுத்துவிடுங்கள். ஓட வேண்டும் என்ற ஆசை தாங்கவில்லை என்றால் ஞாயிறு காலை ஷா ஆலாம் ஏரித் தோட்டத்துக்கு வாருங்கள், அங்கே யாரும் எண் கேட்பதில்லை.

(தொடரும்)