குழாய்க்கும் ஒரு கங்காணி உண்டு!

சிலிம் ரிவர் வட்டாரத்துத் தாய்மார்களே! மேட்டு வீட்டில் தண்ணீர் நூல்போல் ஒழுகுகிறது. பள்ளத்து வீட்டிலோ குழாய் பிய்த்துக்கொண்டு அடிக்கிறது. இது ஏன் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? அண்டை வீட்டாரைக் கடிந்துகொள்ள வேண்டாம். மேடும் பள்ளமும் செய்கிற வேலை இது.

தண்ணீர் 10 மீட்டர் கீழே இறங்கினால் அதன் அழுத்தம் ஏறக்குறைய 1 பார் கூடுகிறது. அதாவது, சதுர அங்குலத்துக்கு 14 ராத்தல். திதிவங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள நம் பக்கத்து ஊர்களில், உச்சி வீட்டுக்குப் போதுமான அழுத்தம் பள்ளத்துக் குழாய்க்கு மிகையாகிவிடும்.

இரவில் இன்னொரு தொல்லை. எல்லாரும் குழாயை மூடிவிட்டு உறங்கும்போது, ஓட்டத்தில் குறைய வேண்டிய அழுத்தம் குறையாமல் குழாயிலேயே நிற்கிறது. கசிவு பெருகுவதும் பழைய குழாய்கள் வெடிப்பதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். 2022ஆம் ஆண்டில் மலேசியாவில் சுத்திகரித்த தண்ணீரில் 37 விழுக்காட்டுக்கு மேல் வருமானக் கணக்கில் சேரவில்லை. திருட்டும் பழுதான மீட்டரும் இதில் அடக்கம் என்றாலும், பெரும் பங்கு கசிவுதான்.

இதற்கு மருந்துதான் அழுத்தம் குறைக்கும் வால்வு. பெரிய குழாயில் பொருத்தப்படும் இந்த வால்வின் தலைக்குள் ஒரு ரப்பர்ச் சவ்வு இருக்கிறது. பக்கத்தில் ஒரு குட்டி வால்வு. அதுதான் கங்காணி! 'இவ்வளவு அழுத்தம் போதும்' என்று அதிலுள்ள சுருள்வில்லைத் திருகி வைத்துவிடுவார்கள். கீழ்ப்பக்கம் அழுத்தம் ஏறினால் குட்டி வால்வு மூடிக்கொள்ளும். உடனே சவ்வின் மேல் தண்ணீர் சேர்ந்து அழுத்த, பெரிய வால்வு தாழ்ந்து வழியைச் சுருக்கும். அழுத்தம் இறங்கினால் குட்டி வால்வு திறந்து அந்தத் தண்ணீரை வெளியே விடும். பெரிய வால்வு மேலே எழும். மின்சாரமே தேவையில்லை.

இந்தக் கங்காணிக்குக் கட்டளை இடும் முறைகள் நான்கு. முதலாவது, இரவும் பகலும் ஒரே அளவு. இரண்டாவது, கடிகாரம் வைத்து இரவில் மட்டும் குறைப்பது. மூன்றாவது, தண்ணீர் ஓடும் அளவைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பது. நான்காவது, மிக மேட்டில் உள்ள வீட்டருகே ஓர் அளவுகருவி வைத்து, அங்கிருந்து வரும் செய்திக்கு ஏற்பத் திருத்துவது. கடைசி வீட்டை மறக்காத முறை இதுதான். இரவில் குறைத்த அழுத்தத்தை விடியற்காலையில் ஏற்ற மறந்தால், வேலைக்குக் கிளம்பும் மேட்டுக் குடும்பம்தான் முதலில் தவிக்கும்.

நீங்கள் செய்யக்கூடியது என்ன? படுக்கப் போகுமுன் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். கூரைத் தொட்டி நிறைந்த பிறகும் மீட்டர் சுற்றினால் வீட்டுக்குள் கசிவு இருக்கிறது. பெரிய குழாயில் நேரடியாகப் பம்பு வைத்து உறிஞ்சாதீர்கள். அது அண்டை வீட்டுத் தண்ணீரைப் பறிப்பதோடு, குழாயின் விரிசல் வழியே அழுக்கு நீரையும் இழுக்கும். அழுத்தம் குறைந்தால் நாளையும் நேரத்தையும் எழுதி வைத்து லெம்பாகா ஆயர் பேராக்கிடம் புகார் செய்யுங்கள். 'தண்ணீர் வரவில்லை' என்பதைவிட, 'காலை 5 முதல் 7 வரை வரவில்லை' என்பது வால்வைத் திருத்துபவருக்கு உதவும்.

தோட்டக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலாளி தருகிற குடியிருப்புக்குக் குழாய்த் தண்ணீர் இலவசமாகவும் போதுமானதாகவும் இருக்க வேண்டும் என்கிறது 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம். குழாய் மட்டும் இருந்து, வாளி நிறைய அரைமணி நேரம் ஆனால் அது போதுமானதா? லயத்தின் கடைசி வீட்டில் ஒரு வாளி நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொண்டு, நிர்வாகத்திடம் சேர்ந்து போய்க் கேளுங்கள்.