மாடியில் மகாராஜா

1983. எனக்குப் பத்து வயது. லண்டனில் வேலையிலிருந்த அப்பாவிடம் போக, அம்மாவும் நானும் மெட்ராஸிலிருந்து ரயிலில் பம்பாய் சென்று, ஏர் இந்தியாவின் போயிங் 747இல் ஏறினோம். ஜன்னல்களைச் சுற்றி வெளியே சிவப்பு நிறத்தில் அரண்மனை வளைவுகள் தீட்டியிருந்தார்கள். உள்ளே போனால் ஒரு சுழற்படிக்கட்டு. விமானத்துக்குள் மாடி! ஓடிப்போய்க் கால் வைத்தவனை அம்மா பிடித்து இழுத்தாள். "மேல மகாராஜா தூங்கறார். சத்தம் போடாதே." தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாக விளம்பரங்களில் குனிந்து வரவேற்பாரே, அவர்தான் என்று நம்பிவிட்டேன்.

பாட்டுக் கேட்கக் கொடுத்த ஹெட்போன் வெறும் பிளாஸ்டிக் குழாய். உள்ளே கம்பி கிடையாது. இருக்கையின் கைப்பிடியில் இருந்த துளையில் காதை வைத்தாலே பாட்டு வந்தது. சினிமா எல்லோருக்கும் ஒன்றுதான். முன்னால் உயரமானவர் உட்கார்ந்தால் பாதிப் படம். பின்வரிசைகளில் சிகரெட் பிடிக்கலாம். புகைக்கு வரிசை எண் தெரியாதே! இறங்கும்போது காதுவலியில் அழுதேன்.

அந்த மாடி எந்த ராஜாவுக்காகவும் கட்டியதல்ல என்பது பின்னால்தான் தெரிந்தது. 747 உருவான அறுபதுகளில், இனிப் பயணிகள் ஒலியைவிட வேகமான விமானங்களுக்குப் போய்விடுவார்கள் என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். அப்படிப் போனால் இதில் சரக்காவது ஏற்றலாம்; மூக்கைத் தூக்கித் திறந்து பெட்டிகளை உள்ளே தள்ளவேண்டும். அதற்கு இடம்விட்டு விமானி அறையை மேலே ஏற்றினார்கள். அதன் பின்னால் திமில்போல் மிஞ்சிய இடம்தான் மகாராஜாவின் மாடி.

கணிப்பு பொய்த்தது. ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்டு 2003இல் ஓய்ந்தது. 747 அதற்குப் பிறகும் பயணிகளைச் சுமந்தது. அதை வீழ்த்தியது வேகம் அல்ல, எண்ணெய்ச் செலவு. நான்கு எஞ்சின் செய்த வேலையை இரண்டே செய்யத் தொடங்கின. 1,574ஆவது, கடைசி 747 ஒரு சரக்கு விமானமாகவே 2023 ஜனவரியில் கைமாறியது.

அண்மையில் அம்மாவுடன் சென்னையிலிருந்து நேராக லண்டனுக்கு போயிங் 787இல் போனேன். இரண்டே எஞ்சின், அதிராத ஓட்டம். உள்ளே காற்றழுத்தம் கூடுதலாக வைத்திருப்பதால் காது அவ்வளவாக அடைக்கவில்லை. சிகரெட் நாற்றம் இல்லை. ஆளுக்கொரு திரை. ஜன்னலுக்கு மூடி கிடையாது. பொத்தானை அழுத்தினால் கண்ணாடியே கருநீலமாகிறது. எதிலும் குறை சொல்வதற்கில்லை.

அம்மா மட்டும் கழுத்தை நீட்டி முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா தேடறே?"

"படிக்கட்டு எங்கேடா?"

"இதுல மாடி கிடையாதும்மா."

"அடடா," என்று சீட் பெல்ட்டை இறுக்கிக்கொண்டாள். "அப்போ நீ தாராளமா சத்தம் போடலாம்."