சயனைடு மேட்டில் சயனைடு மட்டுமா?

கோலார் தங்கவயலைச் சுற்றி நிற்கும் 13 மேடுகளும் பாறையைப் பொடியாக்கி, சயனைடு கொண்டு தங்கத்தை எடுத்தபின் கொட்டிய கழிவு; மொத்தம் சுமார் 3.3 கோடி டன். ஊரார் வைத்த பெயர் 'சயனைடு மேடு'. அந்தப் பெயரே நம் கவலையைத் தவறான பக்கம் திருப்பிவிட்டது என்பேன். சயனைடு கொடிய நஞ்சுதான். ஆனாலும் வெயிலும் காற்றும் பட்டால் காலப்போக்கில் சிதைந்துவிடும். பாதரசம், ஈயம், ஆர்சனிக் அப்படியல்ல. அவை தனிமங்கள், எத்தனை வெயில் காய்ந்தாலும் அழியாதவை. இங்கே வெட்டிய சில தாதுப் படிவுகளில் ஆர்சனிக் இருந்தது. பாதரசம் பூசிய செப்புத் தகடுகளில் தங்கத்தை ஒட்டவைத்துப் பிரித்த காலமும் உண்டு.

அழியாத உலோகம் எங்கே போய்ச் சேரும் என்பதற்குக் கடலே சாட்சி. பாதரசம் நீரில் நுண்ணுயிர்களால் உருமாறி, சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறி, பல்லாண்டுகள் வாழும் டால்பினின் ஈரலில் குவிகிறது. தாயின் உடலிலிருந்து குட்டிக்கும் இறங்குகிறது. மனிதர்களுக்கு அது என்ன செய்யும் என்பதை, பாதரசம் கலந்த மீனை உண்டு மக்கள் நோயுற்ற ஜப்பானின் மினமாட்டா ஊர் 1956இல் காட்டியது. இன்று உலகில் மனிதச் செயல்களால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மிகப் பெரிய பங்கு சிறுதொழில் தங்கச் சுரங்கங்களுடையது. தங்கத்துக்கும் டால்பினுக்கும் இவ்வளவு நெருக்கம்.

'சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடியாயிற்றே' என்பார்கள். மூடியது சுரங்கவாய், மேடு திறந்தே கிடக்கிறது. கோடைக்காற்றில் மாவுபோல் பறக்கும் தூசு, சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகளின் சமையல்கட்டு வரை வருகிறது. இன்னொரு வாதம் வலுவானது: மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்க 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைந்தது, மேடும் கரையும், வேலையும் வரும் என்பது. வேலை வேண்டும்தான், சுரங்கத்தை இழந்த ஊருக்கு அதை மறுக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் ஒரு டன் மண்ணில் தேறுவது ஏறக்குறைய ஒரு கிராம் தங்கம். மீதி டன் முழுவதும் திரும்ப எங்கோ கொட்டப்படும், அதிலுள்ள உலோகங்களோடு. மேடு இடம் மாறும், அவ்வளவே.

ஆகவே முதல் மண்வெட்டி விழுமுன், ஒவ்வொரு மேட்டின் மண்ணையும், அருகிலுள்ள கிணற்று நீரையும், அங்கு வளரும் பிள்ளைகளின் இரத்தத்தையும் சோதியுங்கள். முடிவுகளைத் தமிழிலும் கன்னடத்திலும் ஊரார் கையில் கொடுங்கள்.