உருவம் சிறுத்தாலும் ஈர்ப்பு சிறுக்காது

ரேடியோ அலைகளால் தொலைவிலிருந்து இயக்கப்படும் மண்தடப் பந்தய ட்ரக், பார்வைக்கு ஒரு விளையாட்டுப் பொருள்போலத் தோன்றினாலும், அதன் மேலுறையைக் கழற்றியதும் ஸ்பிரிங், எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்சார்பர், டிஃபரன்ஷியல், கியர், ஸ்டியரிங் இணைப்புகள் என முழு அளவு வண்டியின் அமைப்புகள் எல்லாம் சிறிய உருவில் உண்மையாகவே வேலை செய்வதைக் காணலாம். ஏறத்தாழ 57 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 2 முதல் 2.5 கிலோ வரை எடையும் கொண்ட இந்த வண்டி, அசல் ட்ரக்கின் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருக்கப்பட்டது. ஆனால் அதைச் சுற்றியுள்ள உலகம் சுருங்கவில்லை. புவியீர்ப்பு அதே அளவில் இழுக்கிறது; காற்று அதே அடர்த்தியில் மோதுகிறது; ஓட்டுபவரின் கண்ணும் விரலும் அதே வேகத்தில்தான் செயல்படுகின்றன. சுருங்கிய வண்டியைச் சுருங்காத இந்த மூன்றோடும் இணங்கச் செய்யும் வேலையைத்தான் பந்தயக்காரர்கள் 'செட்டப்' என்ற ஒரே சொல்லில் அடக்குகின்றனர்.

மைதானத்திலிருந்து மேசைக்கு

பாலைவனங்களில் பல நூறு கிலோமீட்டர் தொலைவுக்கு நடந்துவந்த மண்தடப் பந்தயத்தை, அமெரிக்கப் பந்தய வீரர் மிக்கி தாம்ப்சன் 1979இல் லாஸ் ஏஞ்சலஸ் கொலீசியம் விளையாட்டரங்குக்குள் கொண்டுவந்தார். மேடும் பள்ளமும் வளைவும் நெருக்கமாக அமைந்த குறுகிய மண்தடத்தில் ட்ரக்குகள் தாவிச் செல்லும் அந்தக் காட்சியின் சாயலைப் பின்னர் வந்த மாதிரி வண்டிகளிலும் தடங்களிலும் காணலாம். அதே 1979இல் ஜப்பானின் தமியா நிறுவனம் 'ரஃப் ரைடர்', 'சாண்ட் ஸ்கார்ச்சர்' என்ற மண்தட மாதிரி வண்டிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1984இல் அமெரிக்காவின் டீம் அசோசியேட்டட் நிறுவனம், பொன்னிற அலுமினியச் சட்டகம் கொண்ட 'ஆர்சி10' வண்டியைப் பந்தயத்துக்கென்றே வடிவமைத்து வெளியிட்டது. அடுத்த ஆண்டே கலிபோர்னியாவின் டெல் மார் நகரில் பத்தில் ஒரு பங்கு அளவு மண்தட வண்டிகளுக்கான முதல் உலகப் போட்டி நடைபெற்றது. 2008இல் டிராக்ஸாஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்லாஷ்', விஸ்கான்சின் மாநிலத்தின் கிராண்டன் போன்ற தடங்களில் ஓடும் குறுந்தடப் பந்தய ட்ரக்குகளின் வடிவத்தைப் பின்பற்றியது. சக்கரங்களையும் மூடிய அகன்ற மேலுறையுடன் கூடிய குறுந்தட ட்ரக் என்னும் தனிப் பிரிவு அதிலிருந்தே பரவலானது.

சுருங்காத ஈர்ப்பு

ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பத்தில் ஒரு பங்காக்கினால் அதன் பரப்பு நூறில் ஒரு பங்காகவும், கன அளவும் அதைச் சார்ந்த நிறையும் ஆயிரத்தில் ஒரு பங்காகவும் குறைகின்றன. ஒரு தண்டின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது என்பதால், எடையோடு ஒப்பிடும்போது மாதிரி வண்டியின் பாகங்கள் அசலைவிடப் பத்து மடங்கு வலிமை பெற்றுவிடுகின்றன. முழு அளவு ட்ரக்கை உருக்குலைத்துவிடும் குட்டிக்கரணத்துக்குப் பிறகும் மாதிரி வண்டி எழுந்து ஓடுவதற்கு இதுவே காரணம்.

ஆனால் காலக்கணக்கு இதற்கு நேர்மாறாக வண்டிக்குப் பாதகமாக அமைகிறது. 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் 0.45 விநாடியில் தரையைத் தொடுகிறது. அதற்கு ஈடான 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் முழு அளவு வண்டிக்கு 1.43 விநாடி கிடைக்கிறது. அதாவது, மாதிரி வண்டியின் உலகில் எல்லா நிகழ்வுகளும் பத்தின் வர்க்கமூலமான 3.16 மடங்கு விரைவாக நடந்து முடிகின்றன. எனவே மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஓடும் மாதிரி வண்டி, துள்ளலிலும் தாவலிலும் மணிக்கு 126 கி.மீ. வேகத்தில் செல்லும் அசல் ட்ரக்கை ஒத்திருக்கிறது.

கண்ணால் கண்டதற்கு விரல் பதில் சொல்ல மனிதனுக்கு ஏறத்தாழ 0.2 விநாடி தேவைப்படுகிறது. அந்த இடைவெளியில், மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி 2.2 மீட்டர், அதாவது தன் நீளத்தைப்போல் நான்கு மடங்கு தொலைவைக் கடந்துவிடுகிறது. தடத்திலுள்ள ஒரு பள்ளத்தை ஓட்டுபவர் உணர்ந்து திருத்துவதற்குள் வண்டி அதைத் தாண்டிப் போயிருக்கும். ஆகவே, அந்த நொடிக்கான பதிலை ஓட்டுபவர் முன்கூட்டியே ஸ்பிரிங்கிலும் எண்ணெயிலும் டயரிலும் எழுதிவைத்துவிட வேண்டியிருக்கிறது.

ரேடியோ முதல் மோட்டார் வரை

பழைய கருவிகள் 27 மெகாஹெர்ட்ஸ் போன்ற அதிர்வெண்களில் குறுகிய அலைவரிசை ஒன்றை மட்டும் பயன்படுத்தின. அந்த அலைவரிசையைத் தீர்மானித்தது கழற்றி மாட்டக்கூடிய ஒரு சிறு படிகம். ஒரே அலைவரிசையில் இருவர் கருவியை இயக்கினால் வண்டி கட்டுப்பாட்டை இழக்கும் என்பதால், யாரிடம் எந்தப் படிகம் இருக்கிறது என்பதைப் பந்தயத்துக்கு முன் சரிபார்ப்பது கட்டாயமாக இருந்தது. இன்றைய கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்குகின்றன. ஒவ்வொரு வண்டியின் வாங்கியும் தனக்குரிய கருவியை மட்டும் அடையாளம் காணும்படி முன்பே இணைக்கப்பட்டிருப்பதாலும், சமிக்ஞை பட்டையின் பல இடங்களில் பரவிச் செல்வதாலும், பத்துப் பேர் ஒரே மேடையில் நின்று இடையூறின்றி ஓட்ட முடிகிறது.

வாங்கியிலிருந்து ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோ மோட்டாருக்குத் தொடர்ந்து மின்துடிப்புகள் செல்கின்றன. துடிப்பின் நீளம் 1.5 மில்லிவிநாடி என்றால் சக்கரம் நேராக நிற்கும். அது 1 மில்லிவிநாடியை நோக்கிக் குறைந்தால் ஒரு பக்கமும், 2 மில்லிவிநாடியை நோக்கிக் கூடினால் மறுபக்கமும் திரும்பும். இதே வகைத் துடிப்பு, வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குச் சென்று, பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. பிரஷ் இல்லாத மோட்டார்களின் சுழல்வேக இயல்பைக் குறிக்கும் 'கேவி' என்னும் எண், ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் சுமையின்றி நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றும் என்பதைச் சொல்கிறது. 3500 கேவி மோட்டார் ஒன்றை 7.4 வோல்ட் லித்தியம் பாலிமர் பேட்டரியில் இணைத்தால் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 26,000 சுற்று சுற்றும். அளவுக்கு மீறிச் சார்ஜ் செய்தாலோ, காலியாகும்வரை ஓட்டினாலோ, கூரிய பொருள் குத்தினாலோ இவ்வகைப் பேட்டரி தீப்பற்றக்கூடும். எனவே தீத்தடுப்புப் பையில் வைத்து, உரிய சார்ஜரில், ஆள் அருகிலிருக்கும்போது மட்டுமே சார்ஜ் செய்வது இத்துறையில் விலக்கில்லாத விதியாகும்.

முதலில் டயர்

எத்தனை நுணுக்கமான சஸ்பென்ஷனும் டயர் மண்ணைப் பற்றிய பிறகே பயன் தரும் என்பதால், அனுபவமுள்ளவர்கள் டயரிலிருந்தே செட்டப்பைத் தொடங்குகின்றனர். உதிரி மண்ணில் உயரமான முளைகள் கொண்ட டயர் மேல்மண்ணைத் துளைத்து அடியிலுள்ள இறுகிய பகுதியைப் பற்றும். இறுகிய களிமண் தடத்தில் அதே முளைகள் வளைந்து நெளிந்து பிடிமானத்தைக் கெடுப்பதால் குட்டையான, நெருக்கமான முளைகளே பொருந்தும். பலர் ஓடி மெருகேறிய களிமண்ணில் முளையே தேய்ந்த வழுவழுப்பான டயர் சிறப்பாகப் பற்றுவதும் உண்டு. மென்மையான ரப்பர் மண்ணின் நுண்ணிய மேடுபள்ளங்களில் படிந்து அதிகப் பிடிமானம் தந்தாலும் விரைவில் தேய்கிறது. பெரும்பாலான டயர்களில் காற்றழுத்தத்தின் வேலையை உள்ளே வைக்கப்படும் நுரைப்பஞ்சு செய்கிறது. அது மிருதுவாக இருந்தால் டயர் வளைவில் மடங்கும், கெட்டியாக இருந்தால் பள்ளத்தில் துள்ளும்.

ஷாக் அப்சார்பரின் உள்ளே

தடத்தில் 1 மீட்டர் உயரத்துக்குத் தாவிய வண்டி சமதரையில் விழும்போது, அதன் வேகம் விநாடிக்கு 4.4 மீட்டர். 7.5 செ.மீ. தொலைவுக்குள் அந்த வேகத்தைச் சுழியாக்க வேண்டுமென்றால், 2.5 கிலோ எடையுள்ள வண்டியைச் சராசரியாக ஏறத்தாழ 36 கிலோ எடைக்கு ஈடான விசை மேல்நோக்கித் தாங்க வேண்டும். அந்த அதிர்ச்சியின் ஆற்றலை ஸ்பிரிங் தற்காலிகமாகச் சேமிக்கிறது. ஷாக் அப்சார்பர் அதை வெப்பமாக மாற்றிக் கரைத்துவிடுகிறது.

இந்தச் சிறு குழாயின் உள்ளே, துளையிட்ட ஒரு பிஸ்டன் சிலிக்கோன் எண்ணெயினூடே மேலும் கீழும் நகர்கிறது. எண்ணெய் துளைகள் வழியே பிதுங்கிச் செல்லும்போது ஏற்படும் தடைதான் துள்ளலை அடக்குகிறது. பாகுத்தன்மை கூடிய எண்ணெயை ஊற்றினாலும், துளைகளைச் சிறிதாக்கினாலும் தடை கூடும் என்றாலும், இரண்டின் விளைவும் ஒன்றல்ல. பெரிய தாவலுக்குப் பின் பிஸ்டன் மிக வேகமாக நகரும்போது சிறு துளைகளில் எண்ணெயின் ஓட்டம் கொந்தளித்துத் தடை திடீரென உயர்கிறது. உயரமான தாவல்கள் நிறைந்த தடத்தில் வண்டியின் அடிப்பாகம் தரையில் மோதாமல் காக்க இது உதவும். சிறு பள்ளங்கள் தொடர்ச்சியாக உள்ள தடத்திலோ இதே குணம் சக்கரத்தை மண்ணைவிட்டுத் தூக்கிவிடும்.

எண்ணெய் மாற்றும் வேலை பொறுமையைக் கோருவது. குழாயை நிமிர்த்திப் பிடித்து, விளிம்புவரை எண்ணெய் ஊற்றி, பிஸ்டனை மெல்ல மேலும் கீழும் அசைத்தால், துளைகளில் சிக்கிய காற்று நுண்ணிய குமிழிகளாக மேலே வரும். எல்லாக் குமிழிகளும் வெளியேறும்வரை குழாயை அப்படியே நிறுத்திவைத்து, பிறகே மூடியைத் திருக வேண்டும். எண்ணெய் அநேகமாக அமுங்காது. காற்று எளிதில் அமுங்கும். ஒரு குழாயில் காற்று தங்கிவிட்டால், இடப்புறச் சக்கரம் ஒருவிதமாகவும் வலப்புறச் சக்கரம் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும். அதன் காரணத்தை வேறு எங்கெங்கோ தேடிப் பந்தய நாள் முழுவதும் வீணாகும்.

இடம் மாறும் எடை

வண்டி முன்னோக்கிப் பாயும்போது முன்சக்கரங்களின் மீதுள்ள சுமையில் ஒரு பகுதி பின்சக்கரங்களுக்கு மாறுகிறது. நிறை, முடுக்கம், ஈர்ப்பு மையத்தின் உயரம் மூன்றையும் பெருக்கி, முன்பின் அச்சுகளுக்கு இடையிலுள்ள தொலைவால் வகுத்தால் அந்த அளவு கிடைக்கும். 2.5 கிலோ வண்டியின் ஈர்ப்பு மையம் 6 செ.மீ. உயரத்திலும், அச்சுகளின் இடைவெளி 33 செ.மீ. ஆகவும், முடுக்கம் விநாடிக்கு விநாடி 5 மீட்டராகவும் இருந்தால், ஏறத்தாழ 230 கிராம் சுமை பின்னால் நகர்கிறது. இது வண்டியின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. பின்சக்கரங்களால் மட்டும் ஓடும் ட்ரக்கில் இந்த மாற்றம் பாய்ச்சலுக்கு உதவினாலும், சுமை குறைந்த முன்சக்கரங்கள் திரும்ப மறுக்கின்றன.

ஒரு வளைவில் வண்டியின் பின்பகுதி வழுக்கி வெளியேறினால் பின் ஸ்பிரிங்கை மிருதுவாக்குவதும், முன்பகுதி திரும்பாமல் நேராகவே சென்றால் முன் ஸ்பிரிங்கை மிருதுவாக்குவதும் பொதுவான தொடக்க மருந்துகள். பின்சக்கரங்களின் முன்விளிம்புகளை ஏறத்தாழ 3 பாகை உட்பக்கம் திருப்பிவைப்பது நேர்ச்சாலையில் வண்டியை நிலைப்படுத்துகிறது. சக்கரங்களின் மேல்விளிம்பை 1 அல்லது 2 பாகை உள்ளே சாய்ப்பது, வண்டி வளைவில் சாயும்போதும் டயரின் முழு அகலமும் மண்ணில் படிய வழிசெய்கிறது.

காற்றில் இருக்கும் ஒரு விநாடி

தாவுமேட்டைவிட்டு வண்டி எழுந்த பிறகு அதைக் கட்டுப்படுத்த வழியில்லை என்று தோன்றலாம். ஆனால் திறமையான ஓட்டுநர்கள் காற்றிலேயே வண்டியின் மூக்கை உயர்த்தவும் தாழ்த்தவும் செய்கின்றனர். இதன் அடிப்படை கோண உந்த அழிவின்மை விதி: வெளியிலிருந்து திருப்புவிசை செயல்படாதவரை, சுழலும் அமைப்பின் மொத்தக் கோண உந்தம் மாறாது. காற்றில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சக்கரங்கள் முன்னோக்கி மேலும் வேகமாகச் சுழல, அதை ஈடுகட்ட உடற்பகுதி எதிர்த்திசையில் திரும்பி மூக்கு உயர்கிறது. பிரேக் பிடித்தால் சக்கரங்களின் கோண உந்தம் உடற்பகுதிக்கு மாறி மூக்கு தாழ்கிறது. உச்சி 1 மீட்டர் உயரமுள்ள தாவலில் இதற்குக் கிடைக்கும் நேரம் 0.9 விநாடி மட்டுமே.

குறுந்தட ட்ரக்குகளில் காற்றும் குறுக்கிடுகிறது. வேகம் ஒன்றாக இருந்தால், எடையோடு ஒப்பிடும்போது காற்றின் தாக்கம் மாதிரி வண்டியில் பத்து மடங்கு கூடுதல். அகன்ற மேலுறையின் அடியில் புகும் காற்று பாராசூட்டைப்போல் மூக்கைத் தூக்கிவிடுவதால், பந்தயக்காரர்கள் பாலிகார்பனேட் உறையின் பின்பகுதியில் துளைகள் வெட்டிக் காற்றுக்கு வழிவிடுகின்றனர்.

பந்தய நாளும் ஆய்வு முறையும்

பந்தயங்களில் ஓட்டுநர்கள் உயரமான மேடையில் வரிசையாக நிற்க, ஒவ்வொரு வண்டியிலும் பொருத்திய சிறு அனுப்பி, முடிவுக்கோட்டில் பதித்த கம்பிச் சுருளைக் கடக்கும்போதெல்லாம் அதன் சுற்று நேரம் கணினியில் பதிவாகிறது. தகுதிச் சுற்றுகள் பெரும்பாலும் 5 நிமிடம் நடக்கும். அவற்றின் முடிவுப்படி இறுதிப் போட்டிகளில் இடம் ஒதுக்கப்படும். ஒரு சுற்றை முடித்த ஓட்டுநர்களே அடுத்த சுற்றில் தடத்தின் ஓரம் நின்று, கவிழ்ந்த வண்டிகளைப் போட்டியாளர் யார் என்று பாராமல் நிமிர்த்திவைக்க வேண்டும் என்ற மரபு, இந்த விளையாட்டின் பண்பை நன்கு காட்டுகிறது.

சுற்று நேரங்கள் ஆயிரத்தில் ஒரு விநாடிவரை பதிவாவதால் ஒவ்வொரு பந்தயமும் அளவிடப்பட்ட ஒரு சோதனையாகிவிடுகிறது. எண்ணெய், ஸ்பிரிங், டயர் மூன்றையும் ஒருசேர மாற்றியவருக்கு நேரம் குறைந்தாலும், குறைத்தது எது என்று தெரியாது. ஒன்றை மட்டும் மாற்றி, சில சுற்றுகள் ஓட்டி, நேரத்தையும் தடத்தின் ஈரத்தையும் குறித்துவைத்து, பலன் இல்லையெனில் பழைய நிலைக்குத் திருப்பிய பிறகே அடுத்ததைத் தொடுபவர் அறிவியலின் அடிப்படை முறையைத் தம் கையாலேயே பயில்கிறார். மிகச் சிறந்த ஒரே சுற்றைவிட, ஐந்து நிமிடமும் கவிழாமல் ஒரே சீராக ஓடிய சுற்றுகளே பெரும்பாலும் வெற்றி தருகின்றன. ஆகையால் நல்ல செட்டப் என்பது வண்டியை உச்ச வேகத்துக்குத் தள்ளுவதைவிட, ஓட்டுபவரின் 0.2 விநாடித் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி அதைப் பழக்குவதையே முதல் நோக்கமாகக் கொள்கிறது. பாடப்புத்தகத்தில் சூத்திரங்களாக மட்டுமே சந்திக்கும் கோண உந்தமும் பாகுத்தன்மையும் ஒரு மாணவரின் கையில் திருகாணியாகவும் எண்ணெய்ச் சொட்டாகவும் மாறி, அடுத்த சுற்றிலேயே விடை சொல்லும் இடம் இந்த மண்தடம். இயற்பியலைக் கற்பிக்க விரும்பும் பள்ளிகளும் கல்லூரிகளும் இதை விளையாட்டு என்று ஒதுக்காமல் ஆய்வுக்கூடமாகவே கருதலாம்.